தேறிய மறுநாள் தோற்ற சோதனை: லார்ட்ஸில் ஸ்டீவ் ஸ்மித்துக்கு என்ன ஆனது?

2019 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. லார்ட்ஸ் மைதானத்தில் ஆஷஸ் தொடரின் இரண்டாவது டெஸ்ட், நான்காம் நாள். ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் 80 ரன்னில் ஆடிக்கொண்டிருக்கிறார். எதிரே இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் ஜோஃப்ரா ஆர்ச்சர். அவருக்கு அது முதல் டெஸ்ட். சற்று முன்புதான் ஆர்ச்சரின் பந்து ஒன்று ஸ்மித்தின் கையைப் பதம்பார்த்திருந்தது. பிறகு வந்தது மணிக்கு 148.7 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பவுன்சர், தலையை நோக்கி எகிறும் பந்து. ஸ்மித் முகத்தைத் திருப்பினார். ஹெல்மெட்டுக்குக் கீழே, இடது காதுக்கு அடியில், மறைப்பு எதுவும் இல்லாத கழுத்தில் பந்து மோதியது. அப்படியே குப்புற விழுந்தார்.

அரங்கமே அடங்கிப்போனது. அங்கிருந்த எல்லோர் மனத்திலும் ஒரே பெயர்தான் ஓடியிருக்கும். 2014 நவம்பரில் சிட்னியில் ஆஸ்திரேலிய மட்டையாளர் ஃபிலிப் ஹியூஸ் இதே போலக் கழுத்தில் அடிபட்டு, இரண்டு நாளில் இறந்துபோனார். அவருக்கு நேர்ந்தது வேறு. கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து, மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்தது. ஸ்மித்துக்கு அப்படி எதுவும் இல்லை. எழுந்தார், பேசினார், மருத்துவரோடு நடந்தே வெளியேறினார். அதற்குப் பின் 24 மணி நேரத்தில் நடந்தவைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். மூளையதிர்வு, அதாவது கிரிக்கெட் பார்க்கும் எல்லோருக்கும் இப்போது பழகிவிட்ட ‘கன்கஷன்’ பற்றி நாம் தப்பாக நம்பும் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு நாளுக்குள் அடங்கியிருக்கிறது.

உடைமாற்றும் அறையில் அணி மருத்துவர் ரிச்சர்ட் சா அவரைச் சோதித்தார். விளையாட்டு மருத்துவத்தில் இதற்கென்று ‘ஸ்காட்’ என்ற சோதனைத் தொகுப்பு இருக்கிறது. சில சொற்களைச் சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்வார்கள். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்ல வேண்டும். எண்களைத் தலைகீழாக ஒப்பிக்க வேண்டும். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், கோட்டின் மேல் அடிமேல் அடிவைத்து நடக்க வேண்டும். வீரர் நல்ல நிலையில் இருந்தபோது எடுத்துவைத்த மதிப்பெண்ணோடு இப்போதைய மதிப்பெண்ணை ஒப்பிடுவார்கள். ஸ்மித் தேறினார். பயிற்சியாளர் ஜஸ்டின் லாங்கர் நிச்சயந்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டதாகப் பின்னர் சொன்னார். களத்தில் இருந்தால்தானே, சதமடித்தவர்கள் பெயரைப் பொறிக்கும் லார்ட்ஸின் கௌரவப் பலகையில் என் பெயர் ஏறும் என்பது ஸ்மித்தின் வாதமாக இருந்ததாம். (2015இல் அதே மைதானத்தில் 215 அடித்து அவர் பெயர் ஏற்கெனவே ஏறிவிட்டது. ஆனாலும் சதப் பசி அப்படி.) அடிபட்டு முக்கால் மணி நேரத்தில், அடுத்த விக்கெட் விழுந்ததும், மறுபடி மட்டையோடு வந்தார். சில பவுண்டரிகள் அடித்தார். 92இல் கிறிஸ் வோக்ஸின் நேர்ப்பந்தை ஆடாமல் விட்டு எல்பிடபிள்யூ ஆனார்.

எந்தப் பந்தை ஆடாமல் விடலாம் என்று ஸ்மித் கணிக்கும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த அவுட் உறுத்தும். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நல்ல மட்டையாளர்களும் அப்படி ஆட்டமிழப்பதுண்டு. எனக்கு இன்னும் உறுத்துகிறது, அவ்வளவுதான்.

அன்று மாலை, பரபரப்பு வடிந்த பிறகு, உடல் மாறத் தொடங்கியது. முந்தின இரவு ஆறு பீர் குடித்துவிட்டு அந்தப் போதையிலிருந்து இன்னும் எழாதது போல இருந்தது என்று பின்னர் ஸ்மித்தே சொன்னார். ஞாயிறு காலை தலைவலி, மந்தம். மறுபடி சோதித்தார்கள். முந்தின நாள் தேறியவர் இப்போது சரிந்திருந்தார். அதோடு அந்த ஆட்டம் அவருக்கு முடிந்தது.

இங்கேதான் நிறையப் பேர் கேட்டார்கள்: அப்படியானால் மருத்துவர் தவறவிட்டுவிட்டாரா? ‘ஹெட்வே’ என்ற பிரிட்டன் தொண்டு அமைப்பு, அவரை மறுபடி ஆடவிட்டதே ஆபத்தான காரியம் என்று கண்டித்தது. மருத்துவர் விதிப்படி செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார் என்றே நான் நினைக்கிறேன். சிக்கல் சோதனை நடத்தியவரிடம் இல்லை, சோதனைக்கு நாம் கொடுக்கும் அர்த்தத்தில் இருக்கிறது. ஸ்காட் சோதனை அந்த நிமிடத்து மூளையைப் படம்பிடிக்கிறது. கன்கஷனோ மணிக்கணக்கில், சில சமயம் ஓரிரு நாளில், மெல்ல முகம் காட்டும் காயம்.

ஏன் அப்படி? மூளை ஏறக்குறைய 1.4 கிலோ எடையுள்ள மெத்தென்ற திசு. மண்டையோட்டுக்குள் தண்டுவடத் திரவத்தில் மிதக்கிறது. தலை சட்டென்று சுழன்றாலோ உலுக்கப்பட்டாலோ உள்ளே அது பின்தங்கி, முறுக்கிக்கொண்டு, இழுபடுகிறது. அதற்குத் தலையிலேயே அடி விழ வேண்டும் என்பதில்லை. ஸ்மித்துக்கு விழுந்தது கழுத்தில். பைக்கின் பின்னால் கார் இடித்து, தலை எங்கும் மோதாமல் வெறுமனே முன்னும் பின்னும் ஆடினாலும் நடக்கலாம். இழுபட்ட நரம்பிழைகளிலிருந்து பொட்டாசியம் வெளியே கசிகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது. இந்தக் குளறுபடியைச் சரிசெய்ய செல்லுக்கு ஏகப்பட்ட சக்தி வேண்டும். அதே வேளையில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டம் குறைகிறது. செலவு கூடிய நேரம் பார்த்து வரவு குறைந்த வீடு மாதிரி. கிறிஸ்டோஃபர் கிஸாவும் டேவிட் ஹோவ்டாவும் 2001இல் இந்தச் சங்கிலித்தொடரை விரிவாக எழுதினார்கள். அடி விழுந்த கணத்தோடு முடிகிற சங்கதி இல்லை இது. அடி ஒரு தீக்குச்சி. புகை பிறகுதான் எழும்.

இதைப் புரிந்துகொண்டால் ‘ஸ்கேன் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல்’ என்ற ஆறுதலின் எல்லையும் புரியும். சிடி ஸ்கேன் தேடுவது எலும்பு முறிவையும் ரத்தக்கசிவையும். அவை இருந்தால் உயிருக்கே ஆபத்து, ஆகவே அந்தத் தேடல் மிக முக்கியம். ஆனால் செல்லுக்குள் கால்சியம் ஏறியிருப்பதை எந்த ஆஸ்பத்திரி ஸ்கேனும் காட்டாது. கன்கஷன் வந்தவருக்கு ஸ்கேன் நார்மலாக இருப்பதுதான் வழக்கம். ‘ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன தலைவலி, ஸ்கூலுக்குப் போக மட்டம் போடுறியா?’ என்று பிள்ளையை அதட்டும் வீடுகள் நம்மிடையே அதிகம். மயக்கம் போட்டு விழவில்லையே என்பதும் அந்த ரகந்தான். கன்கஷன் வரும் பத்துப் பேரில் ஒன்பது பேராவது நினைவிழப்பதே இல்லை.

ஹெல்மெட்டும் அப்படித்தான். அது மண்டையோடு பிளவுபடுவதைத் தடுக்கிறது, உயிரைக் காக்கிறது. இரு சக்கர வண்டியில் போகிறவர்கள் அதைப் போடாமல் இருக்க எந்தச் சாக்கும் கிடையாது. ஆனால் ஹெல்மெட்டுக்குள்ளே தலையும், தலைக்குள்ளே மூளையும் சுழல்வதை அது முழுதாக நிறுத்தாது. லார்ட்ஸ் சம்பவத்துக்குப் பிறகு எல்லோரும் பேசியது கழுத்துக் காப்பைப் பற்றி. ஹெல்மெட்டின் பின்புறம் மாட்டும் அந்தக் காப்பு ஹியூஸின் மரணத்துக்குப் பிறகு வந்தது. அதை மாட்டினால் எம்ஆர்ஐ எந்திரத்துக்குள் அடைபட்டது போல மூச்சு முட்டுகிறது என்று ஸ்மித் தவிர்த்து வந்தார். 2023 அக்டோபர் முதல் வேகப்பந்தை எதிர்கொள்ளும் ஆஸ்திரேலிய வீரர்களுக்கு அது கட்டாயமாகிவிட்டது. நல்ல முடிவு. ஆனால் அந்தக் காப்பு முதலில் குறிவைப்பது ஹியூஸுக்கு வந்தது போன்ற காயத்தை. கன்கஷனுக்கு அதை முழுக் கவசம் என்று நம்பிவிடக் கூடாது.

மீண்டும் லார்ட்ஸ். ஞாயிற்றுக்கிழமை ஸ்மித்துக்குப் பதில் மார்னஸ் லபுஷேன் இறங்கினார். டெஸ்ட் வரலாற்றின் முதல் கன்கஷன் மாற்று வீரர். மாற்று வீரர் மட்டை பிடிக்கலாம், பந்து வீசலாம் என்ற, சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐசிசி) அந்த விதி ஆகஸ்ட் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்திருந்தது. பதினேழு நாள் முன்னதாக. அதற்கு முன்னால் தலையில் அடிபட்டவர் உட்கார்ந்தால் அணிக்கு ஒரு ஆள் குறையும். ஆகவே வீரர் மறைப்பார், அணியும் கண்டுகொள்ளாது. மருத்துவ அறிவுரை எவ்வளவு இருந்தாலும், உண்மையைச் சொன்னால் நஷ்டம் என்றிருக்கும் இடத்தில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். கன்கஷன் விஷயத்தில் கிரிக்கெட் செய்த உருப்படியான காரியம் இந்த ஒரு விதி என்பேன்.

லபுஷேன் சந்தித்த இரண்டாவது பந்திலேயே ஆர்ச்சரின் பவுன்சர் அவருடைய ஹெல்மெட் கம்பியில் மோதியது. அவரும் விழுந்தார், எழுந்தார், சோதிக்கப்பட்டார், ஆடி 59 எடுத்து ஆட்டத்தை டிராவில் முடிக்க உதவினார். அவருக்குக் கன்கஷன் இல்லை. ஒரே ஆட்டம், ஒரே பந்துவீச்சாளர், இரண்டு பவுன்சர்கள். ஒருவருக்கு வந்தது, மற்றவருக்கு வரவில்லை. அடி எவ்வளவு பலம் என்பதை வெளியிலிருந்து பார்த்து உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று கணிக்க முடியாது.

இதே விதி பதினாறு மாதம் கழித்து நம் பக்கம் வந்தபோது என்ன கூத்து நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2020 டிசம்பர் 4, கான்பெரா, இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் முதல் டி20. கடைசி ஓவரில் மிட்செல் ஸ்டார்க்கின் பந்து ரவீந்திர ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. அவர் நிற்காமல் ஆடி 23 பந்தில் 44 எடுத்து ஆட்டமிழக்காமல் திரும்பினார். இடைவேளையில் தலைசுற்றல் என்றார். யுஸ்வேந்திர சஹல் மாற்றாக வந்து 25 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் தன் முதல் டி20யில் 30 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்ததும் அந்த ஆட்டத்தில்தான் என்பதால் நம்மில் பலருக்கு அது மறக்காது. இடைவேளையில் ஆட்ட நடுவர் டேவிட் பூனிடம் காரசாரமாக வாதாடியவர் யார் தெரியுமா? லாங்கர். லார்ட்ஸில் அந்த விதியால் முதலில் பயனடைந்த அணியின் அதே பயிற்சியாளர்.

ஊரெல்லாம் பேசிய வாதம் இது: அடிபட்ட பிறகும் அடித்து ஆடினாரே, பிறகென்ன கன்கஷன்? ஸ்மித்தும் அடிபட்ட பிறகு வந்து பவுண்டரி அடித்தவர்தான். அடித்து ஆடியது எதற்கும் சாட்சி ஆகாது. அன்று உண்மையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. ஹெல்மெட்டில் பந்து பட்டவுடன் இந்திய அணி மருத்துவர்கள் ஏன் மைதானத்துக்குள் ஓடிவரவில்லை? அந்த இடத்தில் சோதிக்காமல் அடுத்த பந்தைச் சந்திக்க விட்டதுதான் பிழை. சஹல் வந்தது பிழையல்ல.

சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த சாட்சி ஒன்று உண்டு. 2014 ஜூலை 13, ரியோவின் மரக்கானா அரங்கம், உலகக்கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம். 17ஆவது நிமிடம் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமரின் முகத்தில் அர்ஜென்டினாவின் எசேகியேல் காராயின் தோள் இடித்தது. கிராமர் எழுந்து மேலும் கால் மணி நேரம் ஆடினார். நடுவர் நிக்கோலா ரிஸ்ஸோலியிடம் போய், இது இறுதியாட்டந்தானா என்று கேட்டார். ரிஸ்ஸோலி முதலில் விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தார். 31ஆவது நிமிடம் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனார்கள். உலகச் சாம்பியன் ஆன ஆட்டம் அவர் நினைவில் பெரும்பாலும் இல்லை.

கிராமர் தப்பினார். கனடாவின் ஒட்டாவாவில் 17 வயது ரக்பி வீராங்கனை ரோவன் ஸ்டிரிங்கர் தப்பவில்லை. 2013 மே மாதம், ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்து அடிபட்டார். தனக்குக் கன்கஷனாக இருக்குமோ என்று இணையத்தில் தேடியிருக்கிறார், தோழிகளுக்குச் செய்தியும் அனுப்பியிருக்கிறார். பெரியவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்தில் மறுபடி அடி. சில நாளில் மரணம். முதல் காயத்திலிருந்து மூளை மீளாத நிலையில் இரண்டாவது அடி விழுந்தால் அரிதாக மூளை கட்டுமீறி வீங்கிவிடும். இளவயதினரிடம்தான் இதை அதிகம் கண்டிருக்கிறார்கள். அவர் பெயரிலேயே ஒன்டாரியோ மாகாணம் 2018இல் ஒரு சட்டம் இயற்றியது. உயிரே போகாவிட்டாலும் விலை உண்டு: 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அடிபட்டதும் வெளியேறிய இளம் வீரர்கள் சராசரியாக 22 நாளில் தேறினார்கள், தொடர்ந்து ஆடியவர்களுக்கு 44 நாள் பிடித்தது. பத்து நிமிட ஆட்டத்துக்கு மூன்று வாரக் கடன்.

இனி வீட்டுக்கு வருவோம். தலையில் அடிபட்டவரைத் தூங்க விடாதே, கன்னத்தைத் தட்டிக்கொண்டே இரு என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் கன்கஷன் இல்லை, ரத்தக்கசிவு. 2009 மார்ச்சில் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்தார். சிரித்துப் பேசினார், வந்த ஆம்புலன்சையும் திருப்பி அனுப்பினார். சிறிது நேரத்தில் தலைவலி வந்தது. இரண்டு நாளில் இறந்தார். மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருந்தது. ஆகவே முதல் சில மணி நேரம் ஆளைத் தனியே விடக் கூடாது. தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, குழப்பம் கூடுவது, எழுப்பினால் எழாத தூக்கம், காதிலோ மூக்கிலோ ரத்தமோ தெளிந்த நீரோ வடிவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வயதானவர்களும் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவதே சரி. மருத்துவர் பார்த்து இவை எதுவும் இல்லை என்றால் தூங்கட்டும். தேறுகிற மூளைக்குத் தூக்கம் மருந்து. அரை மணிக்கொரு தரம் எழுப்பி வதைப்பதில் லாபம் எதுவும் இல்லை. வலிக்குப் பாராசிட்டமால் போதும். ரத்தக்கசிவு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டாம், மதுவும் வேண்டாம். வண்டியை ஒரு நாளாவது வேறு யாராவது ஓட்டட்டும்.

அடுத்த மூடநம்பிக்கை பாட்டியுடையது இல்லை, மருத்துவர்களே வளர்த்தது. இருட்டறை, போன் கிடையாது, புத்தகம் கிடையாது, அறிகுறி முழுதாகப் போகும்வரை படுக்கை. சில ஆண்டுகள் முன்புவரை இதுதான் பரிந்துரை. 2015இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஐந்து நாள் முழு ஓய்வெடுத்த இளைஞர்கள், ஓரிரு நாள் ஓய்வெடுத்தவர்களைவிட அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள். 2019இல் பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஜான் லெட்டி குழு, அடிபட்ட பத்து நாளுக்குள் மிதமான உடற்பயிற்சியைத் தொடங்கிய வளரிளம் வீரர்கள் 13 நாளிலும், உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்கள் 17 நாளிலும் தேறியதைக் காட்டியது. போனைப் பொறுத்தவரை முதல் இரண்டு நாளுக்கு அந்தப் பழைய கண்டிப்பு சரிதான். 2021 ஆய்வில் 48 மணி நேரம் திரையை ஒதுக்கியவர்கள் மூன்றரை நாளில் தேற, ஒதுக்காதவர்களுக்கு எட்டு நாள் ஆனது. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டுக் கன்கஷன் வல்லுநர்கள் இதையெல்லாம் சேர்த்து வைத்த வழி எளிது: முதல் ஓரிரு நாள் ஓரளவு ஓய்வு, அதற்குள்ளேயே வீட்டைச் சுற்றி நடை. தலைவலி லேசாக, சற்று நேரத்துக்குக் கூடினால் பயப்பட வேண்டாம். வெகுவாகக் கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் தொடர வேண்டும்.

கிரிக்கெட் ஆடுகிறவருக்கு இதைச் சொல்வதானால், முதலில் நடை, பிறகு சைக்கிள், பிறகு தலைக்கு ஆபத்தில்லாத தனி ஓட்டமும் கேட்ச் பயிற்சியும். அறிகுறி முற்றிலும் மறைந்த பின்னரே வலையில் கையால் எறியும் பந்து. மருத்துவர் சம்மதித்த பிறகு வேகப்பந்து, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். படிப்பு முதலில், விளையாட்டு பிறகு. வகுப்பில் உட்கார முடியாத பிள்ளைக்கு மைதானத்தில் என்ன வேலை? பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தேறிவிடுவார்கள், பிள்ளைகளுக்கு நான்கு வாரம்வரை ஆகலாம். அதையும் தாண்டினால் ‘போகப் போகச் சரியாயிடும்’ என்று காத்திருக்கக் கூடாது. கழுத்து வலிக்கு, தலைசுற்றலுக்கு, மனச்சோர்வுக்குத் தனித்தனியாகச் சிகிச்சை உண்டு.

ஸ்மித் இந்தப் படிகளைத்தான் ஏறினார். ஆகஸ்ட் 22இல் ஹெடிங்லியில் தொடங்கிய மூன்றாவது டெஸ்டில் அவர் இல்லை. பென் ஸ்டோக்ஸின் 135இல் இங்கிலாந்து ஒரு விக்கெட்டில் வென்ற அந்த ஆட்டத்தை அவர் ஓரமாக நின்று பார்க்க வேண்டியிருந்தது. மாத இறுதியில் டெர்பியில் மூன்று நாள் பயிற்சி ஆட்டம் ஆடி 23 எடுத்தார். செப்டம்பர் 4, ஓல்ட் டிராஃபோர்டு. அடிபட்டுப் பதினெட்டு நாள். ஆர்ச்சர் மறுபடி எதிரே. ஸ்மித் 211 அடித்தார், அடுத்த இன்னிங்ஸில் 82. அந்தத் தொடரில் ஏழு இன்னிங்ஸில் 774 ரன். ஆர்ச்சரால் ஒருமுறைகூட அவரை அவுட்டாக்க முடியவில்லை.

அவர் ஹெடிங்லியில் ஆடாமலிருந்தது அன்றைக்கு மருத்துவர்கள் எடுத்த முடிவு. லார்ட்ஸ் ஆட்டம் முடிந்ததற்கும் ஹெடிங்லி தொடங்கியதற்கும் இடையே நான்கே நாள். ஸ்மித் ஆடத் துடித்தார், மருத்துவர்கள் இணங்கவில்லை. கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் மருத்துவராக இருந்திருந்தால் அந்தப் பேச்சு எப்படி முடிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 2025இல் ஐசிசி விதியை மாற்றியது. கன்கஷன் என்று உறுதியான வீரர் குறைந்தது ஏழு நாள் களத்துக்கு வரக் கூடாது. இனி அதைப் பற்றி வீரரிடம் யாரும் பேரம் பேச வேண்டியதில்லை.